வெட்டுக்கத்தியின் எடை எங்கே இருக்கிறது?

பெரிய கத்தி ஒன்றின் வெட்டும் திறனைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அதன் எடை எவ்வளவு, வாய் எவ்வளவு கூர்மை என்ற இரண்டு கேள்விகளோடு விசாரணை முடிந்துவிடுவது வழக்கம். ஆனால் ஒரே எடையும் ஒரே நீளமும் ஒரே கூர்மையும் உடைய இரு கத்திகளை ஒருவரே ஒரே வேகத்தில் வீசினாலும், ஒன்று கிளைக்குள் ஆழமாக இறங்குவதும் மற்றொன்று பாதியில் நின்று கையை அதிரச் செய்வதும் உண்டு. இந்த வேறுபாட்டுக்கு முதன்மையான காரணம், கத்தியின் எடை அதன் நீளத்தில் எந்தெந்த இடத்தில் எவ்வளவாகப் பரவியிருக்கிறது என்பதே ஆகும். அந்தப் பரவலை அளப்பது எப்படி, அளந்த எண்ணிலிருந்து வெட்டும் திறனை எவ்வளவு தூரம் கணிக்க முடியும், எங்கே அந்தக் கணிப்பு ஏமாற்றும் என்பவற்றை இந்த அத்தியாயம் ஆராய்கிறது.

இதற்குப் பொருத்தமான களம் கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம் வட்டத்தில், நாஞ்சில் நாட்டை அடுத்து, வேளிமலையின் அடிவாரத்தில் இருக்கிறது. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக விளங்கிய பத்மநாபபுரத்தின் அரண்மனை, பெரும்பகுதி மரத்தால் ஆனது; பூமுகத்தின் விதானத்தில் தொண்ணூறு வகைப் பூக்கள் மரத்தில் செதுக்கப்பட்டிருக்கின்றன, தாய்க் கொட்டாரத்தின் ஏகாந்த மண்டபத்தில் பலாமரத் தூண் நிற்கிறது. அதே அரண்மனையின் காட்சிக்கூடத்தில் பழைய வாள்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. ஆண்டுதோறும் நவராத்திரியை ஒட்டி, சரஸ்வதி சிலை திருவனந்தபுரத்துக்குப் புறப்படும் முன், உப்பரிகை மாளிகையில் மன்னரின் உடைவாள் கைமாற்றப்படும் சடங்கும் நடைபெறுகிறது. கோட்டை மதிலுக்கு வெளியே தென்னை, வாழை, ரப்பர், மரச்சீனி, பலா என விரியும் தோட்டங்களில் அன்றாடம் உழைப்பதோ வெட்டுக்கத்தி. வாளும் வெட்டுக்கத்தியும் இரண்டும் நீண்ட எஃகுப் பட்டைகள்தாம் என்றாலும், எடையைப் பரப்பும் முறையில் அவை எதிரெதிர்த் திசைகளில் செல்கின்றன.

கத்தியின் உறுப்புகள்

மடங்காத பெரிய கத்தியில் கையால் பற்றும் பகுதி பிடி. அதிலிருந்து நீளும் எஃகுப் பகுதி அலகு. அலகின் கூரிய விளிம்பு வாய். அதற்கு எதிரேயுள்ள தடித்த விளிம்பு முதுகு. நுனியில் வளைவு இருந்தால் அது மூக்கு. அலகின் பின்முனை ஒடுங்கி வால்போல் நீண்டு மரப்பிடிக்குள் செருகப்பட்டிருக்கும். பிடி பிளக்காமலிருக்க அதன் முன்முனையில் உலோகப் பூண் இறுக்கப்படும்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் வெட்டுக்கத்தி பொதுவாகப் பிடியருகே ஒடுங்கி, முன்னே செல்லச் செல்ல அகன்று, நுனி வாய்ப்புறமாகச் சற்றே வளைந்த வடிவம் கொண்டது. திருநெல்வேலிச் சீமையில் வழங்கும் வெட்டரிவாளில் அந்த வளைவு மிகுதி; சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளால் பெயர் பெற்ற ஊர். குடகின் ஒடிக்கத்தியும் நேபாளத்தின் குக்ரியும் அலகை முன்னோக்கி மடக்கி, நடுவுக்கு அப்பால் அகலமாக்கிக் கொள்கின்றன. பனையேறிகள் இடுப்பில் கட்டிச் செல்லும் பாளை அரிவாளோ இந்த வரிசையில் சேராது. பாளையின் நுனியை மெல்லிய தகடுகளாகச் சீவுவதே அதன் வேலை என்பதால், அதற்கு வேண்டியது வீச்சின் வலிமையன்று, சவரக்கத்திக்கு ஈடான கூர்மை.

விரலில் நிற்கும் புள்ளி

கத்தியைக் கிடையாக விரல்மேல் வைத்து, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்தால் அதுவே நிறை மையம். கத்தியின் முழு எடையும் அந்த ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொண்டு பல கணக்குகளைச் செய்யலாம். கடையில் கத்தி வாங்குவோர் சமநிலை என்று பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான். இந்தப் புள்ளி பிடிக்கு அருகில் இருந்தால் கத்தி கையில் இலகுவாகத் தோன்றும். தொலைவில் இருந்தால் நுனி கீழே இழுக்கும்.

அந்த இழுப்பின் அளவு எளிதில் கணிக்கக்கூடியது. பிடியின் நடுவை அச்சாகக் கொண்டால், எடையையும் அச்சிலிருந்து நிறை மையம் இருக்கும் தூரத்தையும் பெருக்கி வருவதே மணிக்கட்டு தாங்க வேண்டிய திருப்புவிசை. 45 செ.மீ. நீளமும் 600 கிராம் எடையும் உடைய இரு கத்திகளைக் கற்பனை செய்து கொள்ளலாம். முதல் கத்தியின் நிறை மையம் பிடியின் நடுவிலிருந்து 14 செ.மீ. தூரத்திலும், இரண்டாவதன் நிறை மையம் 20 செ.மீ. தூரத்திலும் இருப்பின், கத்தியைக் கிடையாக நீட்டிப் பிடிக்கையில் இரண்டாவது கத்தி மணிக்கட்டுக்கு 43 விழுக்காடு கூடுதல் சுமை தரும். தராசில் இரண்டும் ஒன்றே. கைக்கு அவை ஒன்றல்ல.

தூரத்தின் இருமடி

அசையாமல் பிடித்திருப்பதற்கு நிறை மையம் போதும். வீசுவதற்கு அது போதாது. சுழலும் பொருள் ஒன்றை வேகப்படுத்துவதற்கோ நிறுத்துவதற்கோ அது காட்டும் எதிர்ப்பு நிலைமத் திருப்புத்திறன் எனப்படும். பொருளின் ஒவ்வொரு துணுக்கின் நிறையையும், அச்சிலிருந்து அத்துணுக்கு இருக்கும் தூரத்தின் இருமடியால் பெருக்கிக் கூட்டினால் இந்த அளவு கிடைக்கும். தூரம் இருமடியாக நுழைவதால் நுனிப் பகுதியின் செல்வாக்கு மிகப் பெரிதாகிறது.

எஃகின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு ஏறத்தாழ 7.85 கிராம். 5 மி.மீ. தடிப்புள்ள அலகின் முன்பகுதியில் 10 செ.மீ. நீளத்துக்கு 1 செ.மீ. அகலத்தைக் கூட்டினால் சேரும் எடை சுமார் 40 கிராம் மட்டுமே. அந்த 40 கிராம் அச்சிலிருந்து 35 செ.மீ. தூரத்தில் இருக்கும்போது நிலைமத் திருப்புத்திறனுக்குத் தரும் பங்கு, அதே 40 கிராம் 10 செ.மீ. தூரத்தில் இருந்தால் தரும் பங்கைப்போல் 12 மடங்குக்கும் மேற்பட்டது. வெட்டுக்கத்தி முன்னே அகன்றிருப்பதன் பொருள் இதுதான்: கொல்லர் மிகக் குறைந்த இரும்பைக் கொண்டு மிகுந்த வீச்சாற்றலைப் பெறுகிறார். முழு அலகையும் 1 மி.மீ. கூடுதல் தடிப்பாக்கி வீச்சாற்றலைக் கூட்ட முயன்றால், 30 செ.மீ. நீளமும் 5 செ.மீ. அகலமும் உள்ள அலகில் 118 கிராம் கூடிவிடும். அதில் பாதி, பயனற்ற இடமாகிய பிடிப்பக்கத்தில் போய்ச் சேரும்.

முன்னர்க் கூறிய இரு கத்திகளிலும், நிறை தன் மையத்தைச் சுற்றிப் பரவியிருக்கும் அளவைக் குறிக்கும் சுழற்சி ஆரம் 12 செ.மீ. என்று கொண்டால், முதல் கத்தியைவிட இரண்டாவதன் நிலைமத் திருப்புத்திறன் 1.6 மடங்கு ஆகிறது. இரண்டும் பிடியைச் சுற்றி விநாடிக்கு 4 சுற்று என்ற கோண வேகத்தில் மரத்தைத் தொடும்போது முதல் கத்தியிடம் 6.4 ஜூல் இயக்க ஆற்றலும் இரண்டாவதனிடம் 10.3 ஜூல் ஆற்றலும் இருக்கும். உண்மையான வீச்சில் பிடியும் கையோடு நகர்வதால் மொத்த ஆற்றல் இதைவிடக் கூடும் என்றாலும், ஒப்பீட்டுக்கு இந்த எளிய கணக்கு உதவும்.

தாக்கு மையம்

கத்தியிடம் இருக்கும் ஆற்றல் முழுவதும் மரத்துக்குப் போய்ச் சேருவதில்லை. பிடியில் பற்றிய கத்தி ஒன்று மரத்தில் மோதும்போது, மோதும் இடம் நிறை மையத்துக்கு அப்பால் இருந்தால், மோதல் கத்தியை ஒருபுறம் பின்னுக்குத் தள்ளவும் மறுபுறம் நிறை மையத்தைச் சுற்றித் திருப்பவும் முயலும். இந்த இரண்டு விளைவுகளும் பிடியில் எதிரெதிர்த் திசையில் செயல்படுவதால், அலகின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மோதினால் அவை ஒன்றையொன்று சரியாக அழித்துக்கொள்ளும். கை எந்த உதைப்பையும் உணராது. அந்த இடமே தாக்கு மையம். கைக்கு உதைப்பு இல்லை என்பதன் மறுபக்கம், கத்தியின் சுழற்சி ஆற்றல் முழுவதும் மரத்துக்குள் இறங்கிவிடுகிறது என்பது.

தாக்கு மையத்தின் இடத்தைக் காண, நிறை மையத்தின் தூரத்தோடு, சுழற்சி ஆரத்தின் இருமடியை அந்தத் தூரத்தால் வகுத்து வரும் எண்ணைக் கூட்ட வேண்டும். முதல் கத்தியில் அது பிடியின் நடுவிலிருந்து 24.3 செ.மீ. தூரத்திலும், இரண்டாவதில் 27.2 செ.மீ. தூரத்திலும் அமைகிறது. இரண்டாவது கத்தியின் நுனி அச்சிலிருந்து 39 செ.மீ. தூரத்தில் இருப்பதாகக் கொண்டால், நுனியால் வெட்டும்போது ஆற்றலில் 80 விழுக்காடும், பிடியை ஒட்டி 15 செ.மீ. தூரத்தில் வெட்டும்போது 35 விழுக்காடும் மட்டுமே மரத்துக்குப் போகும். மீதி கையை அதிரச் செய்வதிலும் கத்தியைத் துள்ளச் செய்வதிலும் வீணாகும். பழகிய கைகள் எந்தக் கணக்கும் இன்றி நுனியிலிருந்து நான்கைந்து விரற்கடை உள்ளே தள்ளி வெட்டுவதும், கத்தியின் வாய் அந்த இடத்திலேயே முதலில் தேய்ந்து குழிவதும் இந்தக் கணக்கோடு பொருந்துகின்றன.

உதைப்பு வேறு, அதிர்வு வேறு என்பதையும் இங்கே பிரித்துக் காட்ட வேண்டும். முன்னது முழுக் கத்தியும் விறைப்பான பொருளாகத் தள்ளப்படுவதால் வருவது. பின்னது அலகு வளைந்து நிமிர்ந்து நடுங்குவதால் வருவது. சீரான பட்டை ஒன்று இவ்வாறு நடுங்கும்போது, ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தில் 22 விழுக்காடு உள்ளே ஓர் அசையாப் புள்ளி இருக்கும். அதற்குக் கணு என்று பெயர். 45 செ.மீ. பட்டையில் அது முனையிலிருந்து ஏறத்தாழ 10 செ.மீ. தூரத்தில் வரும். கணு பற்றும் இடத்துக்கு அருகில் அமைந்த கத்தி கையில் முணுமுணுப்பதில்லை.

பிடியில் சேர்த்த எடை

வாள் செய்வோர் பிடியின் அடியில் கனமான உலோகக் குமிழ் வைப்பது பல இடங்களில் உள்ள வழக்கம். வாள் ஓடும் எதிரியைத் துரத்தித் திசை மாற வேண்டியது. தடுக்கப்பட்டால் உடனே திரும்ப வேண்டியது. அது சந்திக்கும் உடல் பலாக்கட்டையைப்போல் கடினமானதும் அன்று. ஆகவே நிறை மையத்தைக் கைக்கு அருகே கொண்டுவருவது அதற்கு நன்மை. ஆனால் இதே உத்தியை வெட்டுக்கத்தியில் கையாண்டால் என்ன ஆகும்?

இரண்டாவது கத்தியின் பிடியின் அடியில், அச்சுக்குப் பின்னே 6 செ.மீ. தூரத்தில், 150 கிராம் ஈயத்தைச் சேர்ப்பதாகக் கொள்ளலாம். நிறை மையம் 20 செ.மீ. தூரத்திலிருந்து 14.8 செ.மீ.க்கு வந்துவிடும், விரலில் நிறுத்திப் பார்ப்பவருக்கு அது முதல் கத்தியைப் போன்றே தோன்றும். ஆனால் ஈயம் அச்சுக்கு மிக அருகில் இருப்பதால், அச்சைச் சுற்றிய நிலைமத் திருப்புத்திறன் 2 விழுக்காடுகூட மாறுவதில்லை; அதே கோண வேகத்தில் அதன் ஆற்றல் 10.5 ஜூல். தாக்கு மையம் மட்டும் நுனியை நோக்கி நகர்ந்து 29.9 செ.மீ. தூரத்தை அடைகிறது. அதாவது, விரலில் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கும் இரு கத்திகளில் ஒன்று மற்றதைப்போல் 1.6 மடங்கு ஆற்றலோடு வெட்டுகிறது. விரல் சோதனை கத்தியைத் தாங்கிப் பிடிக்கும் சுமையைச் சொல்லும். அது வெட்டும் வலிமையைச் சொல்லாது.

ஈயம் சேர்த்த கத்திக்குப் பாதகமும் உண்டு. சேர்ந்த 150 கிராமைத் தோட்டத்தில் நாள் முழுதும் தோள்தான் தூக்க வேண்டும். வெட்டுக்கத்தியின் பிடி மரத்தாலானதாகவும் அடியில் கை நழுவாதபடி சற்றே தடித்ததாகவும் மட்டும் இருப்பதில் இந்தச் சிக்கனம் தெரிகிறது.

கையின் பங்கு

நுனிப்பக்கம் எடை கூடக் கூட நன்மை என்றால் கோடாலியே எல்லாவற்றுக்கும் போதுமே என்று கேட்கலாம். மேலே கூறிய 10.3 ஜூலும் வானத்திலிருந்து வருவதில்லை. அதைக் கையின் தசைகளே தர வேண்டும். தசையின் இயல்பு ஒன்றை உடலியல் அறிஞர் ஆர்ச்சிபால்ட் ஹில் 1938இல் விளக்கினார்: தசை எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறதோ அவ்வளவு குறைந்த விசையையே அதனால் தர முடியும். மிக இலகுவான கத்தியை வீசும்போது தசை தன் வேக எல்லையை எட்டிவிடுவதால், வலிமை இருந்தும் அதைக் கத்திக்கு ஏற்ற இயலாது. செலவாகும் உழைப்பில் பெரும்பகுதி கையின் சொந்த எடையை வேகப்படுத்துவதிலேயே போய்விடும். மிகக் கனமான கத்தியிலோ விசை மிகுந்தாலும் வேகம் எழும்பாது, வெட்டு குறி தவறும், திரும்பத் தூக்குவதற்கே மூச்சு வாங்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இடம் ஆளுக்கு ஆள், வேலைக்கு வேலை மாறுபடும்.

வாழையின் சாறு நிறைந்த தண்டுக்கும் மரச்சீனிக் கம்புக்கும் சிறிய ஆற்றல் போதும். அங்கே ஆயிரம் முறை தூக்குவதன் களைப்பே கணக்கில் வரும் என்பதால் மெல்லிய அலகு சிறந்தது. கரும்புத் தோட்டங்களிலும் வெப்பமண்டலக் காடுகளிலும் பயன்படும் மச்சேட்டி எனும் நீண்ட கத்தியின் அலகு 2 முதல் 3 மி.மீ. தடிப்போடு நின்றுவிடுவது இதனால்தான். தென்னை மட்டையின் அடிக்கும் காய்ந்த பலாக்கிளைக்கும் ஒவ்வொரு வெட்டும் ஆழமாக விழ வேண்டும். அங்கே முன்கனம் தன் கூலியை ஈட்டிவிடும்.

வாயின் கோணமும் மரத்தின் நாரும்

மரத்துக்குள் போன ஆற்றல் எவ்வளவு ஆழமாக மாறுகிறது என்பதை முடிவு செய்வது அலகின் குறுக்கு வடிவம். அது ஓர் ஆப்பு. வாயின் இரு முகங்களும் சேரும் கோணம் சிறிதாக இருந்தால் ஆப்பு எளிதில் நுழையும்; ஆனால் மெலிந்த வாய் மரக்கணுக்களில் பட்டு மடங்கும், அலகின் தட்டையான பக்கங்கள் மரத்தில் இறுகிச் சிக்கிக்கொள்ளும். கோணம் பெரிதானால் வாய் நிலைக்கும்; நுழைவு குறையும். சமையலறைக் கத்தியில் மொத்தக் கோணம் 30 பாகைக்கு அருகில் இருக்க, மரம் வெட்டும் கத்தியில் அது 40 முதல் 50 பாகை வரை செல்கிறது. வாய்க்கு மேலே முகம் சற்றே புடைத்திருந்தால், வெட்டுண்ட சில்லை அது வெளியே தள்ளிச் சிக்கலைத் தவிர்க்கும்.

மரம் எல்லாத் திசையிலும் ஒரே வலிமை உடையதன்று. நார்களைக் குறுக்கே அறுப்பது கடினம். நார்களுக்கு இடையே பிளப்பது எளிது. சாய்வாக வெட்டும்போது இரண்டும் சேர்ந்து நடப்பதால், ஒரு வெட்டை இடச்சாய்வாகவும் அடுத்ததை வலச்சாய்வாகவும் விட்டு, இடையில் உள்ள சில்லைப் பெயர்ப்பதே பழக்கம். ஈரமும் ஒரு காரணி: மர நார்ச்சுவர்களில் ஈரப்பதம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே குறையக் குறைய மரத்தின் வலிமை ஏறுகிறது, பச்சைக் கிளையில் ஆழமாக இறங்கும் கத்தி, அதே கிளை காய்ந்தபின் பாதியில் நிற்பதற்கு இதுவே காரணம். அரிவாளின் உட்குழிந்த வளைவு வழுக்கும் கிளையை வெளியே நழுவவிடாமல் பிடித்துக்கொள்கிறது. குக்ரியின் புடைத்த வாய், இறங்கும்போதே சறுக்கி அறுக்கிறது. சறுக்கி அறுக்கும்போது தேவையான அழுத்தம் குறையும் என்பதைத் தக்காளியின் தோலில் கத்தியை இழுத்துப் பார்த்தவர் அனைவரும் அறிவர்.

எஃகும் தோய்ச்சலும்

இன்றைய பட்டறைகள் பலவற்றில் கத்திக்கு மூலப்பொருள், கழித்துப்போட்ட லாரிப் பட்டை, அதாவது வண்டியின் பாரத்தைத் தாங்கும் வில் பட்டை. அதில் ஏறத்தாழ 0.5 முதல் 0.6 விழுக்காடு கார்பன் உண்டு. ஆயிரக்கணக்கான முறை வளைந்து நிமிர்வதற்கென்றே உருவான எஃகு ஆதலால், வெட்டின் அதிர்ச்சியை அது தாங்கும். அலகை உலையில் செந்நிறமாகக் காய்ச்சி எண்ணெயிலோ நீரிலோ சடுதியில் ஆற்றுவதைத் தோய்ச்சல் என்பர். சுமார் 770 பாகை செல்சியஸில் எஃகு தன் காந்த ஈர்ப்பை இழக்கும். அதற்குச் சற்று மேலே காய்ச்சி ஆற்றினால் அணுக்கள் ஒழுங்காக இடம் மாற நேரமின்றி, மார்ட்டன்சைட் எனும் மிகக் கடினமான அமைப்பு உருவாகும். அதை அப்படியே விட்டால் கண்ணாடிபோல் உடையும் என்பதால், மீண்டும் 200 முதல் 350 பாகை வரை இளஞ்சூடேற்றிக் கடினத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து உறுதியைப் பெறுவர். வாய்ப்பகுதிக்கு மட்டும் தோய்ச்சல் கொடுத்து முதுகை மென்மையாக விடுவது இன்னும் சிறந்த உபாயம். வால் பிடிக்குள் நுழையும் மூலை கூராக வெட்டப்பட்டிருந்தால் தகைவு அங்கே குவிந்து, விரிசல் அங்கிருந்தே தொடங்கும். அம்மூலை வளைவாக இருப்பது நல்ல கத்தியின் அடையாளம்.

அளந்து ஒப்பிடும் முறை

நிலைமத் திருப்புத்திறனை அளக்க ஆய்வகம் தேவையில்லை. கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1673இல் வெளியிட்ட ஊசல் கடிகார நூலில், ஆடும் எந்தப் பொருளும் ஒரு குறிப்பிட்ட நீளமுள்ள எளிய ஊசலுக்கு ஈடானது என்று காட்டினார். அந்த நீளமும், அச்சிலிருந்து தாக்கு மையம் இருக்கும் தூரமும் ஒன்றே. ஆகவே வாயைத் தடித்த தாளால் மூடி, பிடியின் நடுவை இரு விரல்களுக்கிடையே தளர்வாகப் பற்றி, நுனி கீழே தொங்கும்படி விட்டுச் சிறிதாக ஆட்டி, ஒரு முழு ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தைக் கண்டுபிடித்தால் போதும். விநாடிகளில் உள்ள அந்த நேரத்தின் இருமடியை 24.8ஆல் பெருக்கினால் தாக்கு மையம் எத்தனை செ.மீ. தூரத்தில் உள்ளது என்பது கிடைத்துவிடும். பத்து ஆட்டங்களுக்கு 11.9 விநாடி ஆனால் அது 35 செ.மீ.; 10.5 விநாடி ஆனால் 27 செ.மீ. இந்த எண்ணை, கத்தியின் நிறையாலும் விரல் சோதனையில் கிடைத்த தூரத்தாலும் பெருக்கினால் வருவதே நிலைமத் திருப்புத்திறன்.

அதன்பின் மரத்தில் சோதிக்கலாம். ஒரே மரத்தின், ஒரே ஈரத்தின், ஒரே பருமனுள்ள கம்புகளைத் தேர்ந்து, இரண்டு கத்திகளின் வாயையும் ஒரே கல்லில் ஒரே கோணத்தில் தீட்டி, பத்து வெட்டு ஒன்றில், பத்து வெட்டு மற்றதில் என்று மாறி மாறி வெட்டி ஆழத்தை அளக்க வேண்டும். முதலில் ஒரு கத்தியால் எல்லா வெட்டுகளையும் முடித்துவிட்டு மற்றதை எடுத்தால், கையின் களைப்பு இரண்டாவது கத்தியின் குறையாகப் பதிவாகிவிடும். தீட்டும் கோணம் மாறினால் எடைப் பரவலின் விளைவு வாயின் விளைவில் மறைந்துவிடும்.

பத்மநாபபுரத்தை அடுத்த தக்கலையிலோ வேறெந்த ஊர்ச் சந்தையிலோ வெட்டுக்கத்தி வாங்குபவருக்கு இந்த அத்தியாயம் தரும் முடிவு சுருக்கமானது. தராசு காட்டும் எடை ஒன்று, விரலில் நிற்கும் இடம் ஒன்று, தொங்கவிட்ட ஆட்டத்தின் நேரம் ஒன்று என மூன்று எண்கள் சேர்ந்தே ஒரு கத்தியின் சமநிலையைச் சொல்லும். இவற்றில் எந்த ஒன்றும் தனித்து நின்று சொல்லாது. இந்த மூன்றையும் அளக்க ஒரு தராசும் ஓர் அளவுகோலும் ஒரு கடிகாரமும் ஐந்து நிமிடமும் போதும்.